பதினாலாம் நம்பருக்கு நேரே ஒரு டிக்

அத்தியாயம் 9

மாமியாரும் மருமகளும் ஒரே வீட்டிலிருந்து பத்து நிமிட இடைவெளி விட்டுக் கிளம்பி, வேறு வேறு பஸ் பிடித்து, ஒரே மண்டபத்துக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருப்பது உங்களுக்குத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்காக இரண்டு வார்த்தை.

மருமகள் அந்த விருந்து மண்டபத்தில் பரிமாறும் ஆட்களுக்குக் கேப்டன். போன வாரம்தான் அந்தப் பதவி கிடைத்தது. மாமியார் விருந்து நடக்கும் நாட்களில் மட்டும் ஏஜென்சி அனுப்பி வருகிற தற்காலிக ஆள். உறவுக்காரர் ஒருவருக்குக் கீழ் இன்னொருவர் வேலை செய்யக் கூடாது என்பது மண்டபத்தின் விதி. கேப்டன் ஆன அன்றே மருமகள் இதைச் சொல்லியிருக்க வேண்டும். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று ஒரு வாரத்தை ஓட்டிவிட்டாள்.

வீட்டில் இன்னொரு ஒளிவு. அம்மா தையல் வகுப்புக்குப் போவதாக மகன் நினைத்துக்கொண்டிருந்தான். இரண்டு மாதமாகத் தையல் கற்கும் அம்மா ஒரு தலையணை உறைகூடத் தைத்துக் காட்டவில்லையே என்று அவனுக்குத் தோன்றவில்லை. ஆண் பிள்ளைகளின் கவனம் அவ்வளவுதான். உண்மையைச் சொன்னால் என்ன ஆகும் என்று இரண்டு பெண்களுக்கும் தெரியும். "என் அம்மா போய் அடுத்தவன் எச்சில் தட்டை எடுக்கணுமா?" என்று குதிப்பான்.

அவனுக்குத் தெரியாத சங்கதி ஒன்று உண்டு. அப்பா போன பிறகு நான்கு வருடம் டிவிக்கு எதிரே உட்கார்ந்திருந்த அம்மா, இந்தக் கறுப்புக் கோட்டும் 14 என்ற பேட்ஜும் கிடைத்த பிறகுதான் இரவில் ஒழுங்காகத் தூங்க ஆரம்பித்திருந்தார்.

அன்று ஒரு கம்பெனியின் ஆண்டு விருந்து. பதினாறு வட்ட மேஜைகள், மேஜைக்குப் பத்துப் பேர். காலை பதினோரு மணிக்கு, பரிமாறும் ஆட்கள் இருபது பேரும் சமையலறைக்கு வெளியே வரிசையாக நின்றார்கள்.

கேப்டன் ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே வந்தாள். நகம், முடி, ஷூ. சென்ட் அடித்துக்கொண்டு வந்திருந்த ஒருவரைக் கழுத்தைக் கழுவிவிட்டு வரச் சொன்னாள். செல்போனை லாக்கரில் வைக்காத ஒரு பெண்ணை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பெண் ஓடிப் போய் வைத்துவிட்டு வந்தாள்.

பதினாலாம் பேட்ஜுக்கு எதிரே வந்ததும் குரல் தானாக இறங்கியது. தற்காலிக ஆட்களை அங்கே நம்பர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். மாமியாரைப் பார்த்து "பதினாலு" என்று எப்படிக் கூப்பிடுவது? கூப்பிடாமலே ஒரு வாரம் சமாளித்திருந்தாள்.

"கையில வளையல் இருக்கு," என்றாள், சுவரிடம் சொல்வதுபோல.

"கழட்டிப் பார்த்தேன். வரல. கை வீங்கியிருக்கு."

"சோப்பு போட்டுப் பாருங்க. தட்டுல பட்டா சத்தம் கேக்கும்."

மாமியார் தலையசைத்துவிட்டுக் கழிவறைப் பக்கம் போனார். வரிசையில் ஓர் இடம் காலியாக இருந்தது.

அந்த நேரம் பார்த்துத் தலைமைச் சமையல்காரர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். "கேப்டன், சூப்ல ஒரு மாத்தம். பால் சேர்க்காதவங்க நிறையப் பேர் வராங்களாம். பாலாடைய எடுத்துட்டேன். முந்திரி அரைச்சு ஊத்தியிருக்கேன். எல்லார்கிட்டயும் சொல்லிடுங்க."

கேப்டன் சொன்னாள். "பூசணி சூப்ல இன்னிக்கு முந்திரி இருக்கு. யாராவது கேட்டா ஆமான்னு சொல்லுங்க. வேற எதைக் கேட்டாலும், உங்களுக்கு நிச்சயமாத் தெரியலேன்னா 'கேட்டுச் சொல்றேன்'னு சொல்லிட்டு என்கிட்ட வாங்க. ஊகம் பண்ணி யாரும் பதில் சொல்லக் கூடாது." பிறகு கையிலிருந்த தாளில், ஒவ்வொரு நம்பருக்கும் நேரே ஒரு டிக் போட்டாள். சொல்லியாயிற்று என்பதற்கு அதுதான் அடையாளம்.

பதினாலுக்கு நேரே மட்டும் டிக் இல்லை.

மாமியார் திரும்பி வந்தபோது மணிக்கட்டு சிவந்திருந்தது. வளையல் இல்லை. அதற்குள் முன்கதவு திறந்துவிட்டது. விருந்தினர் வர ஆரம்பித்துவிட்டார்கள். வரிசையில் இல்லாத ஆளுக்குத் தனியாக எல்லாவற்றையும் சொன்ன பிறகுதான் கூடத்துக்குள் விட வேண்டும். அதுவும் விதிதான். கேப்டன் வாயைத் திறந்தாள்.

ஆனால் வாய் திறந்தது கேப்டன் இல்லை, மருமகள். அவளுக்குள் ஒரு பழைய காயம் இருந்தது. கல்யாணமான புதிதில் ஒருநாள், "கேஸை மூடிட்டீங்களா அத்தை?" என்று இரண்டு தடவை கேட்டுவிட்டாள். "ஒரு தடவை சொன்னா எனக்குப் புரியும். எனக்கென்ன காது கேக்காதா, இல்ல புத்தி மழுங்கிடுச்சா?" என்று மாமியார் சீறியதில் மூன்று நாள் வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை. அன்றிலிருந்து எதையும் அவரிடம் இரண்டாம் தடவை சொல்வதில்லை என்று வைத்துக்கொண்டிருந்தாள்.

இந்த விருந்தின் சாப்பாட்டுப் பட்டியலை நேற்றே வீட்டில் காய் நறுக்கும்போது சொல்லியிருந்தாள். "போன தடவை மாதிரி அதே பூசணி சூப்தான் அத்தை."

சொன்னதுதானே, இன்னொரு தடவை எதற்கு என்று நினைத்தாள். முந்திரி காலையில்தான் உள்ளே நுழைந்தது என்பது அந்தக் கணத்தில் அவள் மூளைக்கு எட்டவில்லை. பதினாலுக்கு நேரே டிக் போட்டாள். "பதினொன்னாம் மேஜை," என்று மட்டும் சொன்னாள்.

அடுத்த ஒன்றரை மணி நேரம் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. கேப்டன் தூணோரம் நின்று கவனித்தாள். சொல்லத்தான் வேண்டும், அந்தக் கூட்டத்தில் மாமியார் வேலைதான் முதல் தரம். சுவரில் சாயவில்லை. கண்ணாடி டம்ளரை விளிம்பில் தொடவில்லை. இடப்பக்கம் வந்து வைத்தார், வலப்பக்கம் போய் எடுத்தார். மேஜையில் பத்துப் பேரும் முடிக்கும் வரை ஒரு தட்டைக்கூட நகர்த்தவில்லை.

முதல் பலகாரம் முடிந்து சூப் வந்ததும் பதினொன்றாம் மேஜையில் ஒரு பெண் தலையை உயர்த்திக் கேட்டாள். கம்பெனியின் கணக்காளர். "இதுல முந்திரி, பாதாம் ஏதாவது இருக்கா? எனக்கு ஒத்துக்காது."

"இல்லம்மா. பாலாடைதான் சேர்த்திருக்காங்க. தைரியமா சாப்பிடுங்க," என்றார் மாமியார்.

மூன்றாவது கரண்டியில் அந்தப் பெண் கழுத்தைப் பிடித்துக்கொண்டாள். உதடு வீங்கியது. பேச முயன்றாள், வார்த்தை வரவில்லை. பக்கத்தில் இருந்தவள் அவள் கைப்பையைக் கொட்டி, ஊசி மருந்தைத் தேடி எடுத்துத் தொடையில் குத்தினாள். நாற்காலிகள் சரிந்தன. ஆம்புலன்ஸ் வர எட்டு நிமிடம் ஆனது. அந்த எட்டு நிமிடமும் கேப்டன் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். அந்தத் தொண்டையிலிருந்து வந்த சத்தம் அதற்குப் பிறகு எத்தனை நாள் காதை விட்டுப் போகவில்லை என்று கேட்காதீர்கள்.

இரண்டரை மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. ஆபத்து தாண்டிவிட்டது. சாயங்காலம் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். மேனேஜர் போனை வைத்துவிட்டு, எதிரே நின்ற கேப்டனை உட்காரச் சொன்னார். மேஜைமேல் அந்த டிக் போட்ட தாள் இருந்தது.

"பதினாலுதானே அந்த மேஜை?"

"ஆமா சார்."

"சூப்ல முந்திரி இருக்குன்னு அந்தம்மாகிட்ட சொல்லியிருக்கீங்க. டிக் இருக்கு. அவங்க மறந்துட்டு வாய்க்கு வந்ததைச் சொல்லியிருக்காங்க." அவர் ஒரு படிவத்தை அவள் பக்கம் தள்ளினார். "அஞ்சு மணிக்குள்ள எழுதிக் கொடுங்க. தற்காலிக ஆளுதானே. ஏஜென்சிக்கு அனுப்பிட்டா லிஸ்ட்லேர்ந்து பேரை எடுத்துடுவாங்க. உங்க மேல ஒண்ணும் வராது. புதுசா வந்த கேப்டன், பயப்படாதீங்க."

நல்ல மனிதர். ஆறுதலாகத்தான் சொன்னார். அதனால்தான் அந்தப் பேச்சு அவ்வளவு சுலபமாக அவளுக்குள் இறங்கியது.

லாக்கர் அறையில் மாமியார் மரப்பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கோட்டைக் கழற்றவில்லை. மடியில் ஒரு கிண்ணம், அதன்மேல் ஒரு தட்டு கவிழ்த்திருந்தது.

"அந்தப் பொண்ணு?"

"நல்லா இருக்காங்க அத்தை. சாயங்காலம் அனுப்பிடுவாங்களாம்."

மாமியார் கண்ணை மூடித் திறந்தார். "இது அவ சாப்பிட்ட சூப். கழுவப் போட்டுடப் போறாங்கன்னு எடுத்து வெச்சேன். டாக்டர் கேட்டா காட்டணும்ல." கிண்ணத்தைப் பத்திரமாகப் பெஞ்சில் வைத்தார். பிறகு மருமகளை நிமிர்ந்து பார்த்தார். அப்படி ஒரு பார்வையை அவள் எட்டு வருடத்தில் பார்த்ததில்லை. கெஞ்சுகிற பார்வை.

"முந்திரின்னு நீ என்கிட்ட சொன்னியாம்மா? பக்கத்து மேஜைக்காரி சொல்றா, காலையில எல்லார்கிட்டயும் சொன்னாங்களேங்கிறா. எனக்கு ஞாபகமே வரல."

கேப்டன் ஒரு விநாடிதான் தயங்கினாள். அந்த ஒரு விநாடியில் மேனேஜர் முகம், புதுப் பதவி, டிக் போட்ட தாள் எல்லாம் வந்து போயின.

"சொன்னேன் அத்தை. நீங்க வளையலைக் கழட்டிட்டு வந்தப்புறம்."

மாமியார் மெல்லத் தலையாட்டினார். கோபம் இல்லை, வாதம் இல்லை. மருமகள் எதிர்பார்த்திருந்த சண்டை வரவே இல்லை.

"எங்க அக்காவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது," என்றார். "சொன்னதைச் சொல்லலேம்பா. கடைசியில பெத்த பொண்ணையே யாருன்னு கேட்டா." சற்று நேரம் கழித்து, "என் பையன்கிட்ட இப்போதைக்குச் சொல்லிடாதே," என்றார்.

கேப்டன் வெளியே வந்து, மேஜைவிரிப்புகள் அடுக்கியிருந்த சின்ன அறையில் உட்கார்ந்து படிவத்தை எழுத ஆரம்பித்தாள். 'பதினாலாம் எண் பணியாளரிடம் தெரிவிக்கப்பட்டும்' என்ற இடத்தில் பேனா நின்றது. சுவருக்கு அந்தப் பக்கம்தான் லாக்கர் அறை. மாமியாரின் குரல் கேட்டது. முதலில் யாருடனோ பேசுகிறார் என்று நினைத்தாள்.

"அஞ்சரைக்கு எழுந்தேன். பால் வெச்சேன். அவன் நீலச் சட்டை கேட்டான், இஸ்திரி போட்டுக் குடுத்தேன். எட்டே முக்காலுக்குக் கிளம்பினேன். பஸ்ல ஜன்னலோரம். பக்கத்துல ஒரு பொண்ணு, பச்சைப் பை வெச்சிருந்தா." கொஞ்சம் நிறுத்தம். "வளையல். சோப்பு. வலது கைக் குழாய் சரியா மூடல. வெளிய வந்தேன். அவ நின்னா. பதினொன்னாம் மேஜைன்னா. அப்புறம்... அப்புறம்..."

மறுபடியும் முதலிலிருந்து. "அஞ்சரைக்கு எழுந்தேன். பால் வெச்சேன்."

இப்படி மூன்று தடவை. மூன்று தடவையும் 'பதினொன்னாம் மேஜை'யில் வந்து நின்றது. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லாததால்தான் நின்றது. ஆனால் அந்த அம்மா, இல்லாத ஒரு வார்த்தையைத் தன் தலைக்குள் துழாவித் துழாவித் தேடிக்கொண்டிருந்தார்.

மருமகளுக்கு அழுகை வந்தது. தன் மேலேயே அவளுக்கு அருவருப்பாக இருந்தது. வேலையைப் பறித்தால் வேறு வேலை தேடலாம். ஒருத்தியின் புத்தியை அவளே சந்தேகப்படும்படி செய்துவிட்டு, அதற்குப் பக்கத்தில் ஒரு டிக்கும் போட்டு வைத்தால் அதற்கு என்ன பேர்? அந்த வரியை அடித்தாள். நடந்ததைக் கீழே எழுதினாள்.

மேனேஜர் படிவத்தை இரண்டு தடவை படித்தார்.

"சொல்லாமலே டிக் போட்டீங்களா?"

"ஆமா சார்."

"ஏன்?"

"அவங்க என் மாமியார். வீட்டுல எதையும் ரெண்டாவது தடவை சொல்ற பழக்கம் இல்ல. நேத்து ராத்திரி வீட்டுல சொன்ன நினைப்புல விட்டுட்டேன். ஆனா முந்திரி இன்னிக்குக் காலையில சேர்த்தது."

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றினார். "உறவுன்னு சொல்லியிருக்கணும். டிக் போட்டிருக்கக் கூடாது. ரெண்டும் தப்பு," என்றார். "இதை நான் மேலே அனுப்பித்தான் ஆகணும். திங்கட்கிழமை வரச் சொல்லுவாங்க. நீங்க கேப்டனா இருப்பீங்களா, இங்க இருப்பீங்களான்னு அப்பதான் தெரியும்."

"சரி சார்."

"இன்னொண்ணு. அந்தம்மா முகமே சரியில்லன்னு சொன்னாங்க. அவங்க வேலைக்குச் சேர்ந்தப்ப குடுத்த படிவத்துல அவசரத்துக்குன்னு ஒரு நம்பர் இருந்துச்சு. அதுக்குப் போன் பண்ணி வரச் சொல்லியிருக்கேன். ஒரு ஆம்பளைதான் எடுத்தார். எந்த மண்டபம், எந்த அம்மான்னு நாலு தடவை கேட்டார்."

கேப்டனுக்கு அது யார் நம்பர் என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவள் படிவத்திலும் அதே நம்பர்தான்.

மாமியார் அப்போது கூடத்தில் இருந்தார். சும்மா உட்கார முடியாமல் காலியான மேஜைகளில் விரிப்புகளை எடுத்து மடித்துக்கொண்டிருந்தார். மருமகள் எதிரே போய் நின்றாள். இருபது நாற்காலி தூரத்துக்கு யாரும் இல்லை.

"நான் சொல்லல அத்தை."

மாமியார் கை நின்றது.

"முந்திரின்னு உங்ககிட்ட நான் சொல்லவே இல்ல. பதினொன்னாம் மேஜைன்னு மட்டும்தான் சொன்னேன். டிக் போட்டுட்டேன். அப்புறம் பயந்து போய் உங்ககிட்ட பொய் சொன்னேன். உங்க ஞாபகத்துக்கு ஒண்ணும் ஆகல. மேனேஜர்கிட்ட எழுதிக் குடுத்துட்டேன்."

மாமியார் விரிப்பை மேஜைமேல் வைத்தார். உட்கார்ந்தார். முதலில் அவர் முகத்தில் வந்தது நிம்மதி. அதற்குப் பிறகுதான் கோபம் வந்தது.

"வேலை போனா போகுதுன்னு இருந்திருப்பேன்," என்றார். "வீட்டுல டிவி இருக்கு, பார்த்துட்டுப் போறேன். ஆனா ரெண்டு மணி நேரமா எங்க அக்கா முகத்தைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். அது தெரியுமா உனக்கு?"

"தெரியும் அத்தை. சுவத்துக்கு அந்தப் பக்கம்தான் இருந்தேன்."

"கேட்டுக்கிட்டா இருந்தே?"

மாமியார் மணிக்கட்டைத் தடவிக்கொண்டே கொஞ்ச நேரம் எதிர்ச் சுவரைப் பார்த்தார்.

"நான் என்ன பண்ணேன்னு எழுதினியா?"

"நீங்க என்ன பண்ணீங்க? நான் சொல்லல, அவ்வளவுதான்."

"நிச்சயமாத் தெரியாட்டி கேட்டுச் சொல்றேன்னு சொல்லணும். அது எனக்கு முதல் நாளே சொன்னது. நீ சொன்னியோ சொல்லலியோ, அதை நான் பண்ணல. தெரிஞ்ச மாதிரி பேசினேன். தைரியமா சாப்பிடுங்கன்னு வேற சொன்னேன்." அந்த வார்த்தையைச் சொல்லும்போது அவர் குரல் உடைந்தது. "அதையும் எழுது. என் பேருல எழுது."

"பேரை எடுத்துடுவாங்க அத்தை."

"எடுக்கட்டும். அது என் தப்பு. உன் தப்பு உன்னோடது."

பிறகு எழுந்து நின்றார். கோட்டின் முன்பக்கத்தை இழுத்துவிட்டார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டார், வரிசையில் நிற்பதுபோல.

"காலையில எல்லார்கிட்டயும் என்ன சொன்னே? அப்படியே சொல்லு."

"இப்ப எதுக்கு அத்தை?"

"இங்க அத்தை கிடையாது. சொல்லு."

கேப்டன் தொண்டையைச் சரிசெய்துகொண்டாள். காலியான கூடத்தில், ஒரே ஓர் ஆளுக்காக, காலையில் சொன்னதை முதலிலிருந்து சொன்னாள். பூசணி சூப்பில் முந்திரி இருக்கிறது. கேட்டால் ஆமாம் என்று சொல்ல வேண்டும். நிச்சயமாகத் தெரியாததற்குக் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்ல வேண்டும். யாரும் ஊகம் பண்ணி பதில் சொல்லக் கூடாது. பாதியில் அவள் குரல் தடுமாறியது. மாமியார் காத்திருந்தார். அவள் மீதியையும் சொல்லி முடித்தாள்.

"புரிஞ்சுதா... பதினாலு?" என்றாள்.

மாமியார் அவள் முகத்தையே பார்த்தார்.

"இன்னொரு தடவை சொல்லு," என்றார்.

அவள் இன்னொரு தடவை சொன்னாள்.

முடித்தபோது, பின்வாசல் பக்கம் பைக் ஒன்று வந்து நிற்கும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் இரண்டு பேருக்கும் பழக்கமானது. தினமும் சாயங்காலம் வீட்டு வாசலில் கேட்பதுதான்.

"அவர் வந்துட்டார்," என்றாள் மருமகள். "மேனேஜர் போன் பண்ணிட்டார். கோட்டைக் கழட்டிட்டு வேற மாத்திக்கங்க. அதுக்குள்ள நான் போய் ஏதாவது சொல்லிச் சமாளிக்கிறேன்."

"இன்னிக்குச் சமாளிச்சது போதும்," என்றார் மாமியார்.

பின்வாசல் வரை நடந்து போனார். கதவைத் திறந்தார். வெளியே மகன் ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி, நீலச் சட்டையில், மூச்சிரைக்க நின்றான். அம்மாவின் முகத்தைப் பார்த்தான். கறுப்புக் கோட்டைப் பார்த்தான். பேட்ஜைப் பார்த்தான். அம்மாவுக்குப் பின்னால் நின்ற மனைவியைப் பார்த்தான்.

"என்னம்மா இது? வா, வீட்டுக்குப் போலாம். வெளிய வா முதல்ல."

மாமியார் நிலைப்படிக்கு உட்புறமே நின்றார். ஒரு காலைக்கூட வெளியே வைக்கவில்லை.

"இந்த உடுப்போட வாசல் தாண்டக் கூடாது. இங்க அப்படித்தான்," என்றார். "பேசணும்னா நீ உள்ள வா."